அடுப்படிக்கு வந்த பளிங்கு: கேள்வி–பதில்

கேள்வி: சமையல் மேடைக்கு மேலே இருக்கும் சுவரை மார்பிள் மாதிரியே எபாக்சியில் நாமே செய்துவிடலாம் என்கிறார்கள். நிஜமாகவே வீட்டில் ஆகிற வேலையா, வீடியோவில் மட்டும் ஆகிற வேலையா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: வீட்டில் ஆகிற வேலைதான் அம்மா. புள்ளி வைத்துக் கோலம் இழுத்த கைக்குப் பளிங்கு ரேகை வராமல் போகாது. ஆனால் வீடியோவில் மூன்று நிமிடம் ஓடுவது வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். பலகையில் எபாக்சியை ஊற்றிப் பரப்ப ஒரு மணி நேரம் போதும்; அந்தப் பலகையைத்தான் பிறகு சுவரில் ஒட்டுகிறோம். அதற்கு முன் தேய்ப்பது, துடைப்பது, மட்டம் பார்ப்பது. அதற்குப் பின் தொடாமல் இருப்பது. கெடுகிற பலகைகளில் பெரும்பாலானவை ஊற்றும்போது கெடுவதில்லை. முன்னால் அவசரப்பட்டோ, பின்னால் விரலை வைத்துப் பார்த்தோதான் கெடுகின்றன.

கேள்வி: எபாக்சி என்றால் வார்னிஷ் மாதிரி காய்கிற பொருள்தானே?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: இல்லை தம்பி, அது காய்வதில்லை, இறுகுகிறது. வார்னிஷில் கரைப்பான் ஆவியாகிப் போக, மிச்சம் படலமாக நிற்கும். எபாக்சியில் ஆவியாகிப் போவதற்கு ஏறக்குறைய எதுவுமில்லை. ரெசின் ஒரு புட்டி, ஹார்டனர் ஒரு புட்டி. இரண்டும் கலந்தவுடன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வலையாகப் பின்னிக்கொள்கின்றன. பின்னும்போது வெப்பம் வெளிவருகிறது. இந்த ஒரு உண்மையை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். 1930களில் சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்தான் செயற்கைப் பல் கட்டும் பொருளைத் தேடிப் போய் இதை உருவாக்கினார். 1946இல் சீபா நிறுவனம் இதை அரால்டைட் என்ற பெயரில் ஒட்டுப்பசையாகக் கொண்டுவந்தது. உடைந்த கைப்பிடியை ஒட்ட இரண்டு குழாய்களைப் பிதுக்கிக் கலந்திருப்பீர்களே, அந்தக் குடும்பத்துப் பொருள்தான் இதுவும்.

கேள்வி: கேஸ் அடுப்புக்கு நேர் பின்னால்தான் எங்களுக்குச் சுவர் அசிங்கமாக இருக்கிறது. அங்கேதான் செய்ய ஆசை.
— இல்லத்தரசி, ஈரோடு

பதில்: அந்த இடத்தில் மட்டும் வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வீட்டுச் சூட்டில் இறுகுகிற எபாக்சி பெரும்பாலும் 50, 60 டிகிரி செல்சியசைத் தாண்டினாலே தன் விறைப்பை இழந்து இளக ஆரம்பிக்கும். எல்பிஜி சுடரின் உச்ச வெப்பம் ஏறத்தாழ 1,900 டிகிரி. சுடர் சுவரைத் தொடுவதில்லைதான். ஆனால் பெரிய கடாயையோ இட்லிக் கொப்பரையையோ பின் பர்னரில் வைத்துப் பாருங்கள். பாத்திரத்தின் அடியில் படர்ந்த சூடு விளிம்பைச் சுற்றிக்கொண்டு நேராகச் சுவரில் அடிக்கும். கையை அந்தச் சுவரில் ஒரு நிமிடம் வைத்திருக்க முடியாது. அங்கே எபாக்சி மஞ்சளாகும், இளகும், ஓரம் தூக்கும். இத்தனைக்கும் மேலே, அது எரியக்கூடிய பொருள். வடசட்டியில் எண்ணெய் தீப்பிடித்தால் சுவரும் சேர்ந்து எரிவதற்கு நாமே வழி செய்து வைக்கக் கூடாது.

“வெப்பம் தாங்கும்” என்று டப்பாவில் எழுதியிருப்பதைக் காட்டுவீர்கள். சூடான டம்ளரைக் கொஞ்ச நேரம் வைத்து எடுப்பதற்குச் சொன்ன வாக்கு அது. தினம் மூன்று வேளை, வருடம் முழுவதும் சூடு வாங்கும் சுவருக்குச் சொன்னதல்ல.

கேள்வி: அப்படியானால் அடுப்புக்குப் பின்னால் என்ன வைப்பது?
— அதே ஈரோடு வாசகி, அடுத்த கடிதத்தில்

பதில்: டைல்ஸ், எவர்சில்வர் தகடு, டஃபன்ட் கண்ணாடி. மூன்றில் எது வேண்டுமானாலும். அடுப்பின் அகலத்துக்கு இருபுறமும் தாராளமாக இடம் விட்டு அதைப் பதியுங்கள். பிறகு சிங்க் பக்கம், மிக்ஸி பக்கம், அஞ்சறைப்பெட்டி வைக்கும் பக்கம் எல்லாம் உங்கள் பளிங்குக்கு. வெள்ளைப் பலகைக்கு நடுவில் எவர்சில்வர் தகடு வந்தால் அது ஒட்டுப்போட்ட மாதிரி தெரியாது. திட்டமிட்டுச் செய்தது போலவே இருக்கும்.

கேள்வி: நாங்கள் இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறிவிட்டோம்.
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்களுக்கு வழி அகலம். அதில் சுடர் இல்லை. பாத்திரம் மட்டும்தான் சூடாகும். பலகைக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். காய்ந்த கடாயைச் சுவரில் சாய்த்து வைக்கும் பழக்கம் வீட்டில் யாருக்கேனும் இருந்தால் அதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: கல் இல்லாததைக் கல் என்று காட்டுவது ஏமாற்று வேலை இல்லையா? எங்கள் வீட்டுப் பெரியவருக்கு இது பிடிக்கவே இல்லை.
— வாசகி, காரைக்குடி

பதில்: காரைக்குடியிலிருந்து இந்தக் கேள்வி வந்தது எனக்கு மகிழ்ச்சி. பெரியவரை அவர் வீட்டு முகப்புச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சிப்பிச் சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய், வெல்லம், முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு அது. தொட்டால் குளிர்ச்சியாக, பார்த்தால் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக, பளிங்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சென்னையிலும் இதே வித்தை ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்று பெயர் வாங்கியது. அந்தப் பூச்சுப் பூசிய தூண்களைப் பளிங்கோடு ஒப்பிட்டு எழுதி வைத்த ஐரோப்பியர்கள் உண்டு.

நம் ஊர் மட்டுமில்லை. இத்தாலியின் பொம்பேயி நகரத்து வீடுகளில், கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டிலேயே, சுண்ணாம்புச் சாந்தைப் பலகை பலகையாக மேடுகட்டி, வண்ணம் தீட்டி, பளிங்குக் கல் பதித்தது போலச் செய்தார்கள். இத்தாலியின் கார்ப்பி நகரத்தில் பதினேழாம் நூற்றாண்டில் ஜிப்சத்தையும் பசையையும் நிறமியையும் பிசைந்து ‘ஸ்காலியோலா’ என்ற செயற்கைப் பளிங்கு செய்தார்கள். தேவாலயப் பீடங்களுக்கே அதைப் பயன்படுத்தினார்கள். கார்ப்பியிலிருந்து கராராவின் பளிங்கு மலைகள் ஒன்றும் வெகுதொலைவில் இல்லை. கல் பக்கத்தில் கிடைத்தும் கையால் கல் செய்தார்கள் என்றால், அதில் அவர்கள் கண்டது கைத்திறன். விற்கிறவர் இதைக் கல் என்று சொல்லி விற்றால் ஏமாற்று. உங்கள் வீட்டுச் சுவரில் உங்கள் கையால் செய்து “இது நான் செய்தது” என்று காட்டினால் அது கைவேலை. பெரியவரையே கூட உட்காரச் சொல்லுங்கள். மெருகு என்றால் என்னவென்று உங்களைவிட அவர் கைக்குத் தெரியும்.

கேள்வி: இருக்கிற டைல்ஸ் மேலேயே நேராக ஊற்றிவிடலாமா அண்ணா?
— வாசகர், மதுரை

பதில்: சுவரில் ஊற்றினால் தரைக்குத்தான் பளிங்கு கிடைக்கும் தம்பி. தானாக மட்டமாகும் எபாக்சிக்கு ஓடுவதுதான் குணம். நிற்கிற சுவரில் அது நிற்காது. உங்களுக்கு இரண்டு வழி.

முதல் வழி, தரையில் பலகையைப் படுக்கவைத்து ஊற்றி, நன்றாக இறுகிய பிறகு சுவரில் ஒட்டுவது. அழகு இதில்தான். இரண்டாவது வழி, டைல்ஸ் மேலேயே பளிங்கைத் தீட்டி, மேலே தெளிந்த எபாக்சியை ரோலரால் மெல்லிய கோட்டாக இரண்டு மூன்று தடவை ஏற்றுவது. இதற்கு டைல்ஸை முதலில் சலவை சோடாவும் வெந்நீரும் விட்டுப் பிசுக்கு போகக் கழுவ வேண்டும். சமையலறை டைல்ஸில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் எப்போதும் உண்டு. பிறகு 80 அல்லது 120 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு சாகும்வரை தேய்த்து, இடைக்கோடுகளை எபாக்சி பட்டியால் நிரவி, பிரைமர் அடித்து, அதன் மேல் தீட்டுங்கள். பளபளப்பு மிச்சமிருக்கும் இடத்தில் பூச்சு நாளை உரிந்து வரும்.

ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம்? விரல் வைத்தால் ரேகை பதிய வேண்டும், ஆனால் பசை நூலாக இழுத்து வரக் கூடாது. அந்த நேரம்தான் சரி. அதைத் தவறவிட்டு முழுக்க இறுகிவிட்டால், மறுபடி உப்புத்தாள் போட்டுத்தான் அடுத்த கோட்.

கேள்வி: பலகை வழிக்கு எந்தப் பலகை? ஆசாரி எம்.டி.எஃப் போதும் என்கிறார்.
— வாசகி, சேலம்

பதில்: ஆசாரி சொல்வது அலமாரிக் கதவுக்குச் சரி. சிங்க் பக்கத்தில் சாதாரண எம்.டி.எஃப் ஒரு ஓரத்தில் தண்ணீர் குடித்தால் போதும், ஊதி, எபாக்சியை மேலே தள்ளிவிடும். என் ஓட்டு சிமென்ட் ஃபைபர் போர்டுக்கு. தண்ணீரில் ஊதாது, எரியாது. கனம்தான் குறை, சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் வரும். அதனால் எட்டடி நீளச் சுவர் என்றால் பலகையை இரண்டு துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். கனம் வேண்டாம் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட். எதுவானாலும் முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம் என்று ஆறு பக்கமும் மெல்லிய எபாக்சி பூசி அடைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். முன்பக்கம் மட்டும் அடைத்த பலகை வளையும்.

கேள்வி: எவ்வளவு வாங்க வேண்டும்? கடைக்காரர் ஒன்று சொல்கிறார், டப்பா ஒன்று சொல்கிறது.
— வாசகர், வேலூர்

பதில்: ஒரு சதுர மீட்டர், ஒரு மில்லிமீட்டர் கனம், ஒரு லிட்டர். இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கடைக்காரரும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம். எட்டடி நீளம், இரண்டடி உயரம் என்றால் 16 சதுர அடி, சுமார் ஒன்றரை சதுர மீட்டர். ஊற்றிய எபாக்சி தானாகப் பரவி நிற்கும் கனம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். ஆக நாலரை லிட்டர். ஓரத்தில் வழிவதையும் குவளையில் ஒட்டுவதையும் சேர்த்து ஐந்து.

கேள்வி: 2:1 என்று போட்டிருக்கிறது. தராசில் வைத்து 200 கிராமுக்கு 100 கிராம் கலந்தேன். ஒரு வாரமாகியும் பிசுபிசுப்பு போகவில்லை.
— வாசகர், திருச்சி

பதில்: டப்பாவை மறுபடி படியுங்கள். 2:1 அளவில் என்று எழுதியிருக்கும், எடையில் என்று இருக்காது. ரெசின் கனமானது, அதே அளவு ஹார்டனர் லேசானது. அளவில் 2:1 என்பதை எடையில் கலந்தால் ஹார்டனர் கூடிப்போகும். மிஞ்சிய ஹார்டனருக்குப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. அது கடைசிவரை பசையாகவே இருக்கும். “சீக்கிரம் இறுகட்டும்” என்று ஹார்டனரைக் கொஞ்சம் கூட விடுகிறவர்களுக்கும் இதே கதி.

அளவு சரியாக இருந்தும் அங்கங்கே மட்டும் பிசுபிசுத்தால், கலக்கியது போதவில்லை. மூன்று நிமிடம் மெதுவாக, அடியையும் சுவரையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். பிறகு வேறொரு சுத்தமான குவளைக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம். முதல் குவளையின் ஓரத்தில் கலக்காமல் ஒட்டியிருப்பதைச் சுரண்டி பலகையில் வழித்துவிடுவதுதான் பலரும் செய்கிற காரியம். அதைச் செய்யாதீர்கள். இப்போதைக்குப் பிசுபிசுக்கிற இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதே வழி. அதன் மேலேயே ஊற்றினால் அடியில் பசை என்றைக்கும் பசைதான்.

கேள்வி: என் ரேகைகளைப் பார்த்தவர்கள் எல்லாம் “ஏன் சுவர் விரிசல் விட்டிருக்கிறது?” என்று கேட்கிறார்கள். எங்கே தவறு?
— வாசகி, புதுச்சேரி

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இந்த வாரப் பக்கத்தைக் கொஞ்சம் நீட்டிக் கேட்டிருக்கிறேன்.

தூரிகையைக் கீழே வைத்துவிட்டு முதலில் கல்லைப் பாருங்கள். கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல், பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிப் பளிங்காகிறது. அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து படிந்த களிமண்ணும் இரும்பும் கரியும்தான் ரேகைகளாக நிற்கின்றன. கரி சாம்பல் நிறம் தருகிறது. இரும்பு மஞ்சளும் பழுப்பும் தருகிறது. மலை நெருக்கிய விதத்துக்கு ஏற்ப அவை ஒரு பக்கமாகச் சாய்கின்றன. அதனால் நிஜப் பளிங்கில் ரேகைகளுக்கு ஒரு பொதுவான சாய்வு உண்டு. பலகை முழுக்க ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு ஓட்டம் தெரியும். நீங்கள் அனுப்பிய படத்தில் ரேகைகள் நாலா பக்கமும் பாய்கின்றன. விரிசல்தான் அப்படிப் பாயும்.

அடுத்தது கனம். ஒரே கனத்தில் தொடங்கி ஒரே கனத்தில் முடிகிற ரேகை கல்லில் இல்லை. ஓரிடத்தில் விரல் அகலம், ஒரு சாண் தள்ளி மயிரிழை, பிறகு புகைந்து காணாமல் போய் வேறோர் இடத்தில் மறுபடி தலைகாட்டும். ஒரு விளிம்பு கூர்மையாகவும் மறு விளிம்பு மங்கியும் இருக்கும். கிளை பிரியும்போது குறுகிய கோணத்தில் பிரியும். இரண்டு ரேகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒன்றுபோல இருக்கவே கூடாது. இதுதான் கைக்கு மிகவும் கடினம். கை தன்னையறியாமல் சமமாகப் பிரித்துக்கொண்டே போகும். பெரிய வெற்றிடம் ஒன்றை வேண்டுமென்றே விட்டு வையுங்கள்.

நிறம் மூன்றாவது. சுத்தக் கறுப்பைக் கையில் எடுக்காதீர்கள். சாம்பலில் துளி பழுப்பு சேர்த்துக்கொள்ளுங்கள். கராரா மாதிரி வேண்டுமென்றால் மென்சாம்பல் தளம், மெல்லிய ரேகைகள் நிறைய. கலகத்தா என்ற பளிங்கு மாதிரி வேண்டுமென்றால் பளிச்சென்ற வெள்ளைத் தளம், தடித்த ரேகைகள் கொஞ்சமே, ஓரத்தில் பொன்னிறச் சாயல். நம் நாட்டு மக்ரானா, தாஜ்மகாலுக்குப் போன கல், வெள்ளைதான் பிரதானம், ரேகை அடக்கம். சின்னச் சமையலறைக்கு எனக்குப் பிடித்தது இந்த மக்ரானா அடக்கம்தான். கலகத்தாவின் தடித்த ரேகைக்குப் பெரிய சுவர் வேண்டும்.

இனி கைவேலை. வெள்ளைத் தளத்தை ஊற்றிப் பரப்பியவுடன் ரேகை இழுக்காதீர்கள், கரைந்து ஓடிவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, தளம் சற்றே கனத்த பிறகு, தனியாகக் கலந்த சாம்பல் எபாக்சியை மெல்லிய தூரிகையால் நடுங்க நடுங்க இழுங்கள். கை நடுங்குவது இந்த ஒரு வேலையில் நல்லது. உலர்ந்த தூரிகையால் ஒரே பக்கமாக லேசாக வருடினால் அந்த விளிம்பு புகையாகும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தெளிப்பானில் ஒரு முறை தெளித்தால் ரேகை திறந்துகொண்டு சல்லடையாகப் பிரியும். ஒரு முறை போதும். இரண்டாவது முறை தெளித்தால் அழகு கலைந்துவிடும். எல்லா ரேகையையும் ஒரே நாளில் இழுத்துவிடவும் கூடாது. பாதியை முதல் தளத்தில் இழுத்து இறுகவிட்டு, மறுநாள் லேசாக உப்புத்தாள் போட்டு, மெல்லிய தெளிந்த கோட் கொடுத்து, மீதியை அதில் இழுங்கள். கீழே சில, மேலே சில என்று இருக்கும்போதுதான் கண் அதைக் கல்லின் ஆழம் என்று நம்பும்.

வீட்டுப் பக்கத்து மார்பிள் கடை முற்றத்தில் அரை மணி நேரம் நின்று பலகைகளைப் பாருங்கள். பிடித்ததைச் சொல்லிவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மனதிலிருந்து வரைந்த பளிங்கு விரிசலாகத்தான் வரும்.

கேள்வி: இரண்டு துண்டுப் பலகை சேரும் இடம் தெரியாமல் இருக்க?
— வாசகர், ஓசூர்

பதில்: இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துப் படுக்கவைத்து, ஒரே நேரத்தில் ஊற்றி, பெரிய ரேகை ஒன்றைச் சேர்மானத்தின் குறுக்கே கடத்திவிடுங்கள். ரேகை தொடர்ந்தால் கண் கோட்டைத் தாண்டிப் போய்விடும். இழுத்து முடித்தவுடன், இறுகுவதற்கு முன், இரண்டையும் விரலகலம் விலக்கி வைக்க மறக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து இறுகினால் பிரிக்க ரம்பம்தான்.

கேள்வி: மேலே குமிழ் குமிழாக நிற்கிறது.
— பலர், பல ஊர்கள்

பதில்: குமிழ் இரண்டு இடத்திலிருந்து வரும். கலக்கும்போது புகுந்த காற்று ஒன்று. அதற்கு மெதுவாகக் கலக்குங்கள்; ரெசின் புட்டியைக் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வைத்தால் இளகி, காற்றைச் சுலபமாக விடும். ஊற்றிய பின் ஹீட் கன்னை ஒரு சாண் உயரத்தில் நிறுத்தாமல் ஓட்டுங்கள், குமிழ் உடையும். ஆல்கஹால் தெளித்த இடத்தில் தீச்சுடர் டார்ச்சைக் கொண்டு போகவே கூடாது. இந்த வேலையை கேஸ் சிலிண்டர் இருக்கும் சமையலறையில் வைத்தும் செய்ய வேண்டாம். வராந்தா இருக்கிறது.

மற்றொன்று, பலகை விடும் மூச்சு. வெயில் ஏற ஏறப் பலகைக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். காலை எட்டு மணிக்கு ஊற்றினால் பகல் முழுக்கக் குமிழ் வந்துகொண்டே இருக்கும். அதற்குத்தான் முன்கூட்டியே அடைப்புப் பூச்சு. அதற்குத்தான் சூடு இறங்கத் தொடங்கும் மாலை நேரம்.

கேள்வி: குவளையில் மீதி இருந்த எபாக்சி திடீரென்று சூடாகிப் புகை வந்துவிட்டது. பயந்து போனோம்.
— வாசகி, விருதுநகர்

பதில்: பயந்தது சரி. இறுகும்போது வெப்பம் வரும் என்று மேலே சொன்னேன். பரப்பி வைத்தால் அந்த வெப்பம் காற்றோடு போகும். குவளையில் குவிந்திருந்தால் வெளியேற வழியில்லை. வெப்பம் வினையை வேகப்படுத்த, வினை இன்னும் வெப்பம் தர, சில நிமிடத்தில் கொதிநிலைக்குப் போய்விடும். சூழல் வெப்பம் ஒவ்வொரு பத்து டிகிரி ஏறும்போதும் கையில் கிடைக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். 25 டிகிரிக்கு 40 நிமிடம் என்று டப்பா சொன்னால், விருதுநகர் மே மாதத்து 35 டிகிரியில் உங்களுக்கு இருபதுதான். ஒரே தடவையில் நிறையக் கலக்காதீர்கள். மிஞ்சியதை அகலமான பழைய தட்டில் மெல்லியதாக ஊற்றிவிடுங்கள். சூடேறிய குவளையைக் குப்பைக்கூடையில் போடாமல் வெளியே சிமென்ட் தரையில் வையுங்கள். இறுகாத எபாக்சியைச் சிங்கில் ஊற்றுவது குழாயை நீங்களே அடைப்பது.

கேள்வி: ஐப்பசியில் செய்தோம். மேலே மெழுகு தடவினாற்போல ஒரு படலம்.
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: ஹார்டனரில் உள்ள அமீன், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே வந்து படிந்தது அது. வெந்நீரில் நனைத்த துணியால் நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போய்விடும். கழுவாமல் அதன் மேல் அடுத்த கோட் கொடுத்தால் ஒட்டாது. உப்புத்தாள் போடுவதாக இருந்தாலும் கழுவிய பிறகுதான். முதலில் தேய்த்தால் மெழுகை உள்ளேதான் தள்ளுவீர்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் வடகிழக்குப் பருவமழை முடியும்வரை பொறுத்து, தை, மாசியில் செய்யுங்கள்.

கேள்வி: வெள்ளை எபாக்சி மஞ்சளாகுமா?
— வாசகி, சென்னை

பதில்: ஆகும். சூரியனின் புற ஊதாக்கதிர் பட்டால் எபாக்சி மெல்ல மஞ்சளாவது அதன் இயல்பு. “மஞ்சளாகாது” என்று விற்பதை “தாமதமாக மஞ்சளாகும்” என்று படித்துக்கொள்ளுங்கள். சமையலறை ஜன்னல் கிழக்கிலோ மேற்கிலோ இருந்து, வெயில் நேராகச் சுவரில் விழுந்தால், தூய வெள்ளையை விடுங்கள்; சாம்பல் தளம் எடுங்கள், வித்தியாசம் தெரியாது. வெள்ளைதான் வேண்டுமென்றால் கடைசியாக, புற ஊதாக்கதிரைத் தடுக்கும் பாலியூரிதேன் கோட் ஒன்று கொடுங்கள்.

கேள்வி: சுவரில் லேசாக ஓதம் இருக்கிறது. பலகை ஒட்டினால் மறைந்துவிடும்தானே?
— வாசகர், கும்பகோணம்

பதில்: கண்ணுக்கு மறையும், சுவருக்குள் வளரும். பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் முதலில் பிளம்பர், பிறகு கொத்தனார், அதற்குப் பிறகுதான் பளிங்கு. புதிதாகச் சிமென்ட் பூசிய சுவரும் 28 நாளாவது ஆறட்டும்.

கேள்வி: கையில் அரிப்பும் சிவப்புத் தடிப்பும். தின்னர் போட்டுத்தான் கழுவினேன்.
— வாசகர், சிவகாசி

பதில்: வேலையை இன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். இறுகாத எபாக்சி தோலுக்கு ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. ஒரு முறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். பிறகு துளி பட்டாலும் உடம்பு கொந்தளிக்கும். தின்னர் அதைக் கழுவுவதில்லை, கரைத்துத் தோலுக்குள் அனுப்புகிறது. பட்டால் உடனே துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சோப்பும் தண்ணீரும் மட்டும். கைக்கு நைட்ரைல் கையுறை. மெல்லிய ரப்பர் கையுறை போதாது. இறுகியதைத் தேய்க்கும்போது என்95 முகக்கவசம். ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் ஊற்றும் நாளிலும் அடுத்த சில நாட்களும் அந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது. அழகு ஒரு சுவருக்கு, தோல் ஆயுளுக்கு.

கேள்வி: எங்கள் வீட்டில் தினம் புளிக்குழம்பு, எலுமிச்சை, மஞ்சள். நிஜ மார்பிள் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.
— வாசகி, திண்டுக்கல்

பதில்: புளியும் எலுமிச்சையும் புழங்கும் மேடையில் நிஜ மார்பிளைவிட எபாக்சிதான் எனக்குப் பிடிக்கும். மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். புளித்தது எது பட்டாலும் அரித்து, அந்த இடம் மங்கிப்போகும். நன்கு இறுகிய எபாக்சியைப் புளி ஒன்றும் செய்யாது. அதன் பலவீனம் வேறு இடத்தில்: கீறல். கம்பி நாரும் பாத்திரம் தேய்க்கும் பொடியும் அதன் பக்கம் வரக் கூடாது. மென்துணி, பாத்திரம் கழுவும் திரவம், அவ்வளவுதான். மஞ்சள் தெறித்தால் அன்றே துடையுங்கள். பலகையை மாட்டிய முதல் வாரத்தில் மட்டும் தாளிப்பைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க இறுகாத எபாக்சி மஞ்சள் கறையை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

கேள்வி: வாடகை வீடு. வீட்டுக்காரர் ஆணி அடித்தாலே கோபப்படுவார்.
— வாசகர், தாம்பரம்

பதில்: லேசான பலகையில் செய்து, மேடை மேலேயே நிறுத்தி, மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு பக்க டேப்பால் பிடித்து வையுங்கள். காலி செய்யும் நாளில் பலகை உங்களோடு வந்துவிடும்.

கேள்வி: மிக்ஸி பிளக் பாயின்ட் நடுவில் வருகிறது.
— வாசகி, நாகர்கோவில்

பதில்: ஊற்றுவதற்கு முன்பே பலகையில் துளையை வெட்டிவிடுங்கள், இறுகிய பின் வெட்டினால் ஓரம் சில்லு சில்லாகப் பெயரும். துளையின் ஓரத்தையும் அடைப்புப் பூச்சு பூசி, பின்பக்கம் டேப் ஒட்டுங்கள். மாட்டும் நாளில் மெயினை அணைத்துவிட்டு சுவிட்ச் பிளேட்டைக் கழற்றி, பலகையை வைத்து, பிளேட்டை அதன் மேல் வரும்படி மாட்ட வேண்டும். பலகையின் கனத்துக்கு ஏற்ப நீளமான திருகு தேவைப்படும். இந்த ஒரு பாகத்தை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மாட்டிய பிறகு மேடைக்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய சந்து தெரிகிறது. அதிலும் எபாக்சியை விட்டு அடைக்கலாமா?
— வாசகர், கரூர்

பதில்: வேண்டாம். கிரானைட் மேடையும் பலகையும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை; விறைப்பான எபாக்சி அந்தச் சந்தில் வெடித்துவிடும். பூஞ்சை பிடிக்காத சிலிக்கான் சீலன்ட் வாங்குங்கள். சந்துக்கு மேலும் கீழும் டேப் ஒட்டி, ஒரே இழுப்பாகப் பிதுக்கி, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் வழித்து, உடனே டேப்பை உரித்துவிடுங்கள். ஒரு நாள் தண்ணீர் படாமல் இருக்கட்டும். சில வருடத்தில் அது கறுத்தால் பிளேடால் கீறி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். பலகையைத் தொட வேண்டியதில்லை.